ஒன்பதாம் உத்திரம்

மே 7

நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் என் பெயரின்மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். காய்கறி வாங்கப் போன என் மனைவி வேதவல்லி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஒரே ஒரு பூச்சுதான் பூசியிருக்கிறார்களாம், 'தணிகாசலம், எம்.இ.' என்பது அடியில் நிழலாகத் தெரிகிறதாம். குலசேகரனும் நானும் ஒரே வகுப்பில் படித்து, சேர்ந்தே தொடங்கிய நிறுவனம் அது. ஒரு பெயரை ஒழுங்காக மறைக்கத் தெரியாதவர்கள்தான் இனி வேலூரின் கட்டடங்களைத் தாங்கப் போகிறார்கள்.

காரணத்தை எழுதிவைக்கிறேன். மங்கள விலாசம் திருமண மண்டபத்தை வடிவமைத்தவன் நான். கீழே உணவுக்கூடம், மேலே முகூர்த்தக்கூடம், அவ்வளவுதான் வரைந்தது. பிறகு, எனக்குத் தெரியாமல், அதன் கூரையில் பெரிய தண்ணீர்த் தொட்டியும் குளிரூட்டும் எந்திரங்களும் ஏற்றக் குலசேகரன் ஒப்புதல் கொடுத்தான். அவற்றைத் தாங்குவதற்காக முகூர்த்தக்கூடத்தின் நடுவில் ஒரு தூணை எழுப்பினான். அந்தத் தூண் தரைக்கு இறங்கவில்லை. கீழ்த்தளத்து உத்திரம் ஒன்றின் முதுகில் நிற்கிறது. பங்குனியில் சுவர் கீறல் விட்டது. மண்டபத்தை மூட வேண்டும் என்று கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தேன். அடுத்த வாரமே நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்டேன்.

குலசேகரனின் வாதம் ஒரே சொல்: "நிக்குதேடா."

விசாரணை பதினெட்டாம் தேதி காலை. கட்டடம் இன்றுள்ள நிலையில் எந்த இடத்தில் முறியும் என்பதைக் கணக்கிட்டு அவன் முகத்துக்கு நேரே வைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. முப்பத்தொன்றாம் தேதி வேதவல்லியின் அக்காள் மகள் திருமணம். அதே மண்டபத்தில்.

மே 8

அலுவலகத்து எந்திரங்கள் இனி எனக்கில்லை. வீட்டிலிருப்பது பழைய மேசைக்கணினி. என் சொந்தக் கணக்கீட்டு நிரலின் உரிமம் அதற்கு மட்டுமே. மண்டபம் முழுவதையும் அதற்குள் எழுப்பி, பாரத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பார்க்க வேண்டும். அதன் நினைவகம் அதற்குப் போதாது. இருப்பதைப் போல் இன்னொரு மடங்கு வேண்டும்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடைக்குப் போனேன். அதே வகை இல்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் காட்டினார்.

"இது கொஞ்சம் வேகமான ரேம் சார். உங்களுது ஸ்லோ."

"இரண்டையும் சேர்த்துப் போட்டால்?"

"வேற வேற ஊரு பொண்ணு மாப்ள மாதிரி சார். கட்டி வெச்சா குடும்பம் நடத்தும். ஆனா வேகமான ஆளு அடங்கிப் போவணும். ரெண்டும் ஸ்லோவாத்தான் ஓடும்."

வாங்கி வந்தேன். வழியில் சமையல் எரிவாயுவுக்குப் பதிவு செய்தேன்.

மே 9

நேற்றிரவே இரண்டு துண்டுகளையும் பொருத்தினேன். கடைக்காரர் சொன்னபடியே வேகமானது அடங்கிப்போயிற்று. கணக்கைச் சிறிது ஓடவிட்டு மதிப்பிட்டேன். இந்த வேகத்தில் பதினெட்டாம் தேதி நண்பகல்தான் முடியும். விசாரணை காலையில்.

மந்தமான ஒன்றுக்காக விரைவான ஒன்று தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை என் வாழ்நாளில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். கணினி விழிக்கும்போது தோன்றும் அமைப்புத் திரைக்குள் சென்று, மெதுவான துண்டையும் வேகமானதன் வேகத்தில் ஓடுமாறு கட்டாயப்படுத்தினேன். இருமுறை இயந்திரம் எழ மறுத்தது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். எழுந்தது.

விடியற்காலையில், பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் வாய்க்கு நேரே வைத்து நினைவகச் சோதனையை ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. காலைச் சிற்றுண்டிக்கு முன் கணக்கைத் தொடங்கிவிட்டேன். பதினேழாம் தேதி முடிந்துவிடும்.

உற்பத்தி செய்தவன் அந்தத் துண்டுக்கு விதித்த வேகம் ஓர் எச்சரிக்கை மட்டுமே. ஓடுகிறது, அது போதும்.

மே 11

கத்திரி வெயில். கணினி இருக்கும் அறையின் மேற்குச் சுவர் மாலைவரை கையை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. நான் பிற்பகல்களில் வீட்டில் இருப்பதில்லை. மண்டபத்தின் பழைய வரைபடங்களின் நகல் கேட்டு நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

புறப்படும்போது வேதவல்லி மேசை விசிறியைப் பற்றி ஏதோ கேட்டாள். தலையசைத்துவிட்டுப் போனேன்.

மே 13

கோதை வந்திருந்தார், வேதவல்லியின் அக்காள். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டியவர் நான் வாங்கும்வரை கையை விடவில்லை.

"தம்பி, நேரா கேக்கறேன். மண்டபம் நல்லாத்தான இருக்கு?"

"இல்லை."

"மாப்ள வீட்டுல ஆயிரம் பேரக் கூப்ட்டு முடிச்சாச்சு. இப்ப வேற மண்டபம் ஆவணியிலதான் கெடைக்கும். குலசேகரன் சாரக் கேட்டேன், அவரு சிரிக்கிறாரு. உங்க ரெண்டு பேரு சண்டைக்கு எம்பொண்ணு கழுத்தா கெடைச்சுது?"

"அக்கா, காப்பி குடி" என்றாள் வேதவல்லி.

"காப்பி கெடக்குது. இவரு கோவம் ஆறினாத்தான் எனக்குத் தொண்டையில எறங்கும்."

எனக்குக் கோபமில்லை என்று விளக்கினேன். கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, விடை வந்ததும் அவரே தெரிந்துகொள்வார். கோதை கணினியை எட்டிப் பார்த்தார். "இந்தப் பொட்டியா சொல்லப் போவுது?" என்றார்.

மே 14

ஓடுகிறது.

மே 17

முடிந்தது.

முறிவது ஒன்பதாம் உத்திரம். மேடைக்கு நேர் மேலே, கூரையில் இருப்பது. தொட்டி நிறைந்திருக்கும்போது, இன்னும் கொஞ்சம் பாரம் கூடினால் வளைந்து, கீறி, விழும். திரையில் அந்த உத்திரம் சிவந்து உடைவதை மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

உடனே குலசேகரனைத் தொலைபேசியில் அழைத்தேன். விசாரணைவரை காத்திருந்திருக்கலாம். காத்திருக்கத் தேவையில்லை என்று கருதினேன்.

"ஒன்பது" என்றேன்.

"என்னடா ஒன்பது? வணக்கம்னு ஒரு வார்த்த கெடையாதா?"

"உன் ஒன்பதாம் உத்திரம் உடைகிறது. மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்தின் தலைமேல். 'நிக்குதே' என்று நாளைக்குக் கோட்டாட்சியர் அம்மையாரிடம் சொல். நான் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு இனித்தது. மறுப்பதற்கில்லை.

"ஒன்பதா? உறுதியா?"

"நான் உறுதியில்லாமல் பேசி நீ கேட்டிருக்கிறாயா?"

மே 18

விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. கோட்டாட்சியர் குடிநீர்ப் பணிக்காக வெளியூர் சென்றுவிட்டாராம். இருபத்தைந்துக்கு வரச் சொன்னார்கள். நான் அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.

மே 19

குலசேகரன் என்னை முந்திக்கொண்டான். ஒன்பதாம் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, சுற்றிலும் காங்கிரீட் உறை போடும் வேலையைத் தொடங்கிவிட்டானாம். "தணிகாசலம் சாரே கண்டுபிடிச்சுச் சொன்னதுதான், சரிபண்ணிட்டோம்" என்று கோதையிடம் சொல்லியிருக்கிறான். கோதை எனக்காக ஒரு பலாப்பழம் அனுப்பியிருக்கிறார்.

என் கணக்கை என்னிடமிருந்து எடுத்து, அதையே தனக்கு நற்சான்றாக ஆக்கிக்கொண்டான். அவனிடம் எப்போதும் இருந்த ஒரே திறமை அது.

மே 20

விசாரணைக்குத் தெளிவான படங்கள் வேண்டும். முழுக் கணக்கையும் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை; நடுவில் சேமித்த நிலையிலிருந்து கடைசிப் பகுதியை மட்டும் ஓட்டினால் போதும். காலையில் தொடங்கினேன்.

அதே கட்டடம், அதே பாரம், அதே தொடக்கம். முன்பு வந்த எண்கள் அப்படியே மறுபடியும் வர வேண்டும். கடைசித் தசமத்தில்கூட மாறக்கூடாது. மாறின. முதலில் சிறிதாக. பிறகு பெரிதாக. பிற்பகலுக்குள் ஒன்பதாம் உத்திரம் விழவில்லை. எதுவுமே விழவில்லை.

கணக்கை நிறுத்தினேன். குளித்தேன். மாவு அரைத்து வரும்படி வேதவல்லி சொன்னாள்; போய் அரைத்து வந்தேன்.

மே 21

நினைவகச் சோதனையை இம்முறை பிற்பகலில் ஓட்டினேன். திரை முழுவதும் சிவப்பு வரிகள். பிழைகள் அனைத்தும் அந்தப் பழைய துண்டில்.

மேசை விசிறி அதன் இடத்தில் இல்லை. கூடத்தில் வேதவல்லி கல்யாணப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். விசிறி அவளருகில் சுழன்றுகொண்டிருந்தது.

"எப்போதிலிருந்து இது இங்கே இருக்கிறது?"

"தெனமும் மத்தியானம் எடுத்துக்கறேனே. சாயந்திரம் நீங்க வர்றதுக்குள்ள திரும்ப வெச்சுடறேன்."

"என்னைக் கேட்க வேண்டாமா?"

"கேட்டேனே. தலைய ஆட்டினீங்க." ஊசியை நிறுத்தி நிமிர்ந்தாள். "நான் கேட்டது காதுல விழுந்துதா, இல்ல சும்மா ஆட்டினீங்களா?"

பழியை அவள் மடியில் போட ஒரு கணம் ஆயத்தமாக இருந்தேன் என்பதை இங்கே குறிக்கிறேன். ஒரு விசிறி நகர்ந்ததற்கே பொய் சொல்லத் தொடங்கும் இயந்திரத்தை நான்தான் அமைத்தேன். உத்திரத்துக்கோ தூணுக்கோ தாங்க வேண்டிய அளவுக்கு மேல் ஒரு பங்கு வலு வைக்காமல் நான் எந்த வரைபடத்திலும் கையெழுத்திட்டதில்லை. அந்த நினைவகத் துண்டுக்கு இருந்த கூடுதல் பங்கை ஒரு நாள் மிச்சத்துக்காக வழித்தெடுத்தேன். எட்டு நாள் அது திணறவில்லை, நிற்கவில்லை, எச்சரிக்கவில்லை. தவறான எண்களைத் தடையில்லாமல் தந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் தேதிக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். 'ஓடுகிறது, அது போதும்.' இதைக் குலசேகரன் வேறு வினைச்சொல் வைத்துச் சொல்லியிருந்தான்.

நினைவகத்தை அதற்குரிய பழைய வேகத்துக்கே இறக்கி, பிற்பகலிலேயே இருமுறை சோதித்தேன். பிழையில்லை. முழுக் கணக்கையும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டிருக்கிறேன். முப்பதாம் தேதிக்கு முன் முடியாது.

மே 22

தவறு எனக்கு மட்டுமே தெரியும்; யாரும் கேட்கப் போவதில்லை. படங்கள் என்னிடம் இருக்கின்றன.

மே 23

மண்டபத்துக்குப் போனேன். மேடைக்கு மேலே ஒன்பதாம் உத்திரம் புதுக் காங்கிரீட் உறையுடன் தடித்து நின்றது. குலசேகரன் கீழே நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"வாடா தணிகை. உன் பேஷண்ட்ட பாக்க வந்தியா?"

"வேலையை நிறுத்து. என் கணக்கு தவறு."

அவன் இளநீரைக் கீழே வைத்தான். "என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"கணினியின் நினைவகத்தை அளவுக்கு மீறி ஓட்டினேன். எண்கள் கெட்டுவிட்டன. ஒன்பதுதானா என்று எனக்குத் தெரியாது."

"முப்பது வருஷமா இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்டா. ஒரு சாட்சிகூட இல்லாத நேரத்துல வந்து சொல்றியே." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "சரி, தப்புன்னா நல்லதுதான? எதுவும் ஒடையாது. நிக்குது."

"உடைகிறதா இல்லையா என்று தெரியாது என்கிறேன். தொட்டியை இறக்கு. மண்டபத்தை மூடு."

"தொட்டிய எறக்கிட்டு? ஆயிரம் பேரு சாப்ட்டுக் கை கழுவப் பாலாத்துக்குப் போவாங்களா? அங்கயும் தண்ணி கெடையாது." குரலைத் தாழ்த்தினான். "இதோ பாரு. நீ ஒன்பதுன்ன. நான் ஒன்பதக் கட்டிட்டேன். இருபத்தஞ்சாந்தேதி நீ வந்து படத்தக் காட்டு, நான் வேலையக் காட்டறேன். ரெண்டு பேருக்கும் மரியாத. அடுத்த மாசம் பலகையில உம்பேர நானே எழுதறேன், ரெண்டு கோட்டு பெயிண்ட்டு."

உறையின் மேல் சணல் சாக்குகளை நனைத்துச் சுற்றியிருந்தார்கள். நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீடு திரும்பினேன்.

மே 24

வேதவல்லி முகூர்த்தத்துக்குத் தான் கட்டப்போகும் புடவையைத் தோளில் போட்டுக்காட்டி நிறம் எடுக்கிறதா என்று கேட்டாள். எடுக்கிறது என்றேன். இம்முறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

மே 25

விசாரணை.

முதலில் குலசேகரன் பேசினான். மனுதாரரே சுட்டிக்காட்டிய குறையை நிறுவனம் பெருந்தன்மையோடு ஏற்று, சரிசெய்துவிட்டதாகச் சொன்னான். மண்டப உரிமையாளர் தலையாட்டினார். கோதை பின்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டாட்சியர் என்னிடம் திரும்பினார். "அப்ப பிரச்சன முடிஞ்சுதா சார்?"

"இல்லை, மேடம். ஒன்பதாம் உத்திரம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்."

அறையில் சலசலப்பு. நடந்ததைச் சொன்னேன்: வெவ்வேறு வேகமுள்ள இரண்டு நினைவகங்களைச் சேர்த்து, மெதுவானதை விரட்டி ஓட்டியதையும், ஒரே கணக்குக்கு இருவேறு விடைகள் வந்ததையும். ஒரு சொல்லும் மறைக்கவில்லை. உரிமையாளர் சிரித்துவிட்டார். "இவரு பொட்டி சூடாச்சுன்னா எம்மண்டபம் இடிஞ்சுடுமா மேடம்?"

கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. "அப்ப எந்த பீம் வீக்?"

"தெரியாது."

இந்த ஊரில் எந்த அதிகாரியின் முன்னும் நான் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நாக்கில் அது எடையுள்ளதாக இருந்தது. "சரியான கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பதாம் தேதி முடியும். அதுவரை அந்தக் கட்டடம் நிற்கும் என்றும் என்னால் சொல்ல இயலாது, விழும் என்றும் சொல்ல இயலாது. எட்டு நாள் ஓடியதால் என் கணினி சரியாக இருக்கிறது என்று நம்பினேன். ஓடுவது சான்றில்லை."

அவர் குலசேகரனிடம் கேட்டார்: "நீங்க தனியா கணக்குப் போட்டீங்களா?"

"மேடம், அனுபவத்துல..."

"போட்டீங்களா, இல்லையா?"

"சாரோட கணக்க வெச்சுத்தான் செஞ்சோம் மேடம்."

"அவரு அது தப்புங்கறாரு. ரெண்டு பேருல ஒருத்தருக்கும் தெரியல. தெரியாத எடத்துக்குள்ள நான் ஆயிரம் பேர எப்படி விடறது?" பேனாவை எடுத்தார். ஜூன் இரண்டாம் தேதி மணல் மூட்டைகள் அடுக்கிப் பாரச் சோதனை; அது முடியும்வரை மண்டபம் மூடப்படும்.

வெளியே வந்ததும் கோதை என் எதிரில் வந்து நின்றார். "படிச்ச மனுசன், உள்ளதச் சொல்லிட்டீங்க. சந்தோசம். மாப்ள வீட்டுக்கும் நீங்களே போயிச் சொல்லிட்டு வந்துடுங்க."

போனேன். சொன்னேன். அங்கே கேட்டுக்கொண்டவற்றை எழுதப் போவதில்லை.

மே 26

பள்ளி மைதானத்தில் பந்தல் போடுகிறார்களாம். ஆயிரம் பேரில் பாதிப்பேருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேதவல்லி அக்காள் வீட்டுக்குப் போனவள் அழுத கண்ணோடு திரும்பினாள். என்னிடம் பேசவில்லை. பலாப்பழம் அழுகிவிட்டது.

மே 27

பிற்பகல், நூற்றெட்டு டிகிரி வெயில். வேதவல்லி மேசை விசிறியைத் தூக்கி வந்து கணினிக்கு எதிரே வைத்து, அதன் தலையைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் போனாள். இப்போதைய வேகத்துக்கு விசிறி தேவையில்லை. சொல்லவில்லை நான்.

மே 30

காலை பத்து மணியளவில் கணக்கு முடிந்தது. சேமித்த நிலைகள் மூன்றிலிருந்து சிறு சிறு பகுதிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் எண்ணும் ஒத்துப்போகிறது.

கட்டடம் முறிகிறது. ஆனால் ஒன்பதாம் உத்திரத்தில் இல்லை. அது இன்னும் பல ஆண்டுகள் நின்றிருக்கும். முறிவது பதினான்கு. குலசேகரன் தூணை நட்டானே, அந்தத் தூணைத் தன் முதுகில் சுமந்து நிற்கும் கீழ்த்தளத்து உத்திரம். அதன் அடியில்தான் பந்தி நடக்கும். ஒன்பதுக்குப் போட்ட காங்கிரீட் உறையின் எடை, அதன் ஒரு முனையைத் தாங்கும் அந்தத் தூண் வழியாக இறங்கி அதே பதினான்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் தொலைபேசியில் கொக்கரித்ததன் எடை அது. புதிய எடையைச் சேர்த்தும் கணக்கிட்டேன். மேலே முகூர்த்தக்கூடம் நிறைந்து, தொட்டியும் நிறைந்தால் தாங்காது.

அதோடு, இரண்டாம் தேதி அந்த உத்திரத்துக்கு மேலுள்ள தளத்தில்தான் மணல் மூட்டைகள் அடுக்கப் போகிறார்கள். அளவுகோல் பிடிப்பவர்கள் கீழே நிற்பார்கள்.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அறிக்கையை அனுப்பிவிட்டுக் குலசேகரனை அழைத்தேன்.

"வணக்கம்" என்றேன்.

"என்னடா புதுசா?"

"பதினான்கு."

வரைபடம் அவன் தலைக்குள்ளும் இருக்கிறது. இருவரும் ஒரே மேசையில் வரையக் கற்றவர்கள். அவன் மனம் அந்தத் தூண் வழியாகக் கீழே இறங்கி வருவதை என்னால் கேட்க முடிந்தது.

"பந்திக்கு மேல" என்றான்.

"ஆம்."

"நாளைக்கு..."

"நாளைக்குத் திருமணம் பள்ளி மைதானத்தில்."

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த அமைதி எனக்கு இனிக்கவில்லை. அவன்மேல் எனக்குள்ள கோபம் ஓர் இழையும் குறையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் தொலைபேசியை நான் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

"ஆளனுப்பி முட்டெல்லாம் பதினாலுக்கு மாத்தச் சொல்றேன். இப்பவே. தொட்டியத் தெறந்து விட்டுடறேன்."

"செய்."

"தணிகை."

"சொல்."

"இந்த வாட்டி அந்தப் பொட்டிய எந்த வேகத்துல ஓட்டின?"

"அதற்கென்று விதித்த வேகத்தில்" என்றேன்.